வாவிக்கரை மணலில் பொலித்தீன் வீடுகள்

செட்டிபாளையத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் என் சித்தப்பாவின் தோட்டம் வரும். அங்கே ஒன்பது இரும்பு வளைவுகள் வெறுமனே நிற்கின்றன. 2018இல் அவற்றின் மேல் பொலித்தீன் இருந்தது, உள்ளே தக்காளி இருந்தது. திட்டமொன்றின் கீழ் பாதி மானியமாகவும் பாதி கடனாகவும் கிடைத்த பச்சை இல்லம் அது. ஊரில் எல்லோரும் அதைப் 'பொலித்தீன் வீடு' என்றார்கள். பார்க்க வந்தவர்களுக்குச் சித்தி தேநீர் ஊற்றியே களைத்துப் போனார்.

அந்த வளைவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். உலகம் முழுவதும் இவ்வளவு வேகமாகப் பரவும் ஒரு தொழில் எங்கள் மணலில் ஏன் தடுமாறுகிறது?

பரவும் வேகத்தில் சந்தேகம் இல்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதிப் படங்களைக் கொண்டு கணக்கிட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பச்சை இல்லங்களின் கீழுள்ள நிலம் சுமார் 13 இலட்சம் ஹெக்டேயர். அதற்கு முன்னர் சொல்லப்பட்டு வந்த மதிப்பீடுகளை விட இது இரண்டு மடங்குக்கும் மேல். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் சீனாவில் இருக்கிறது. பச்சை இல்லம் என்றதும் ஒல்லாந்தின் கண்ணாடி மாளிகைகளே நினைவுக்கு வரும். ஆனால் அங்கு இருப்பது சுமார் 10,000 ஹெக்டேயர் மட்டுமே. உலகின் பெரும்பகுதி பச்சை இல்லங்கள் கண்ணாடியால் ஆனவை அல்ல, சாதாரண பிளாஸ்டிக் தாளால் ஆனவை.

இலங்கைக்கும் பச்சை இல்லத்துக்கும் உள்ள உறவு பழையது. 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் கண்ணாடி வீட்டில்தான் முளைத்தன. அதே ஆண்டு சுமார் 1,900 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் கொழும்புக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 'வார்டியன் பெட்டி' எனப்பட்ட அவை கையடக்கமான பச்சை இல்லங்களே. இந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்கள் ஒரு வகையில் கண்ணாடிக்குள்ளிருந்து வந்தவை.

வாவிக்கரை வாசகர் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஸ்பெயினின் அல்மேரியா. இன்று அங்கு 30,000 ஹெக்டேயருக்கும் மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள், விண்வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியுமளவுக்கு. ஆனால் அந்த ஊர் பிளாஸ்டிக்கோடு தொடங்கவில்லை, மணலோடுதான் தொடங்கியது. வறண்ட நிலம், உவர்ப்பேறிய கிணற்று நீர். விவசாயிகள் மண்ணின் மேல் எருவைப் பரப்பி, அதன் மேல் கடற்கரை மணலை ஒரு படையாகப் போட்டார்கள். மணல் ஈரத்தைக் காத்தது, உப்பு மேலே ஏறுவதைக் குறைத்தது. 1960களில்தான் திராட்சைப் பந்தல்களின் மேல் பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு தலைமுறைக்குள் ஐரோப்பாவின் மாரிகால மரக்கறிக் கூடையாகிவிட்டது அந்த ஏழை மாவட்டம்.

சீனாவின் கதையும் இப்படித்தான். ஷான்டொங் மாகாணத்தின் ஷோகுவாங்கில், 1989இல் வாங் லேயி என்ற கிராமத் தலைவர் பரப்பிய முறைக்கு எரிபொருளே தேவைப்படவில்லை. வடக்கே தடித்த மண் சுவர், தெற்கே சரிந்த பிளாஸ்டிக் தாள். பகலில் வெயிலை உறிஞ்சிய சுவர் இரவில் சூட்டை விடும். ஒல்லாந்துக்காரர்களோ இயற்கை வாயுவை எரித்துச் சூடாக்கி, எரிந்து வரும் காபனீரொட்சைட்டையும் செடிக்கே ஊட்டுகிறார்கள். 2022இல் வாயு விலை ஏறியபோது பலர் விளக்கை அணைத்துவிட்டு இருந்தார்கள்.

கவனித்தால், இவை எல்லாமே குளிரை வெல்வதற்கு உருவான வழிகள். எங்கள் பிரச்சினை குளிர் அல்ல.

மட்டக்களப்பில் கோடையில் கச்சான் காற்று வீசும்போது வெளியில் நிற்கவே முடியாது. பொலித்தீனை நாற்புறமும் இழுத்து மூடினால் உள்ளே என்ன நடக்கும்? சித்தப்பா ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தார். வைகாசி மாதம் ஒரு நண்பகலில் அது 43 பாகை காட்டியது. இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழ் இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் பழுதாகும், பூ உதிரும். செடி ஆள் உயரம் வளர்ந்தது, காய்தான் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட அமைப்பு நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக்குப் பொருத்தமானது. அங்கே பொலித்தீன் மழையையும் குளிரையும் தடுக்கிறது. எந்த அலுவலகம் அந்த வரைபடத்தை இங்கே அனுப்பியது என்று நான் தேடவில்லை. தேடினாலும் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

எங்கள் சமவெளிக்குத் தேவையானது வேறு வடிவம். கூரை மட்டும் பொலித்தீனாக, உச்சியில் சூடு வெளியேறத் திறப்புடன், பக்கங்கள் முழுவதும் நுண்வலையாக இருக்க வேண்டும். வலை, இலைச்சுருள் வைரசைக் காவும் வெண் ஈயைத் தடுக்கும். கூரை, ஐப்பசி தொடக்கம் தை வரை அடிக்கும் மாரி மழையிலிருந்து மிளகாயையும் தக்காளியையும் காக்கும். இது சூடாக்கும் வீடு அல்ல, ஒரு குடை. எங்கள் பெரியவர்கள் நாற்றுமேடைக்கு மேல் கிடுகு போட்டதும், வெற்றிலைக் கொடிக்கு நிழல் கட்டியதும் இதே அறிவுதான். மேற்கு வங்காளத்தில் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு முற்றாக மூடிய 'பொரோஜ்' என்னும் வெற்றிலைக் குடில்கள் நூற்றாண்டுகளாக உள்ளன. அவற்றையும் பச்சை இல்லக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பிறகு தண்ணீர். எழுவான்கரை என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஒடுங்கிய மணல் மேடு. நாங்கள் கிணற்றில் அள்ளுவது உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீரை. அந்த நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு நீர் 40 அடி வரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மணலில் போடும் பசளையும் தங்காது, நேரே கிணற்றுக்குப் போகும். கற்பிட்டி மணலில் மரக்கறித் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது ஆய்வுகளில் பதிவான விடயம். எங்கள் நிலமும் அதே வகை.

இங்கேதான் பச்சை இல்லத்தின் உண்மையான பயன் இருக்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சேரக்கூடிய நீர் ஒன்றரை இலட்சம் லீற்றர். உள்ளே 250 தக்காளிச் செடிகள், செடிக்கு நாளுக்கு 2 லீற்றர், 120 நாட்கள் என்று வைத்தால் தேவை 60,000 லீற்றர். கிணற்றைத் தொடாமலே ஒரு போகம் முடியும். செடியைத் தும்புச் சோறு நிரப்பிய பைகளில் நட்டு, அல்பேட் கரைசலைச் சொட்டு நீரோடு கொடுத்தால் பசளையும் மணலுக்குள் இறங்காது. வழிவதைப் பிடித்துத் திரும்பப் பாவிக்கலாம். தும்புச் சோற்றுக்கு நாங்கள் எங்கும் போக வேண்டியதும் இல்லை. இலங்கைத் தென்னந்தும்பின் தூள் கட்டிகளாக அமுக்கப்பட்டு உலகெங்கும் ஏற்றுமதியாகிறது, ஒல்லாந்தின் தக்காளி அதில் வேர்விடுகிறது. சிக்கல் எங்கேயென்றால், கூரை கொடுத்த திட்டம் நீர்த்தாங்கி கொடுக்கவில்லை. பொலித்தீனில் விழுந்த மழை வாய்க்காலில் ஓடி வாவிக்குப் போனது. சித்தப்பா மின்மோட்டரில் கிணற்றை இறைத்தார்.

சந்தை இன்னொரு பாடம். திட்ட அதிகாரிகள் குடைமிளகாயையும் சலாது வெள்ளரியையும் சிபாரிசு செய்தார்கள். வாங்குவோர் பாசிக்குடா ஹோட்டல்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஹோட்டல்கள் வெறிச்சோடின, அடுத்த ஆண்டு கொரோனா. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது அவருக்குக் கரைசல் பசளையும் கிடைக்காமல் போனது. 2022இல் பொலித்தீன் மாற்ற வேண்டிய காலம் வந்தது. வெயிலைத் தாங்கும்படி தயாரித்த தாளுக்கும் ஆயுள் மூன்று, நான்கு ஆண்டுகள்தான். டொலர் விலையில் புதுத் தாள் வாங்க அவரால் முடியவில்லை. வாடைக் காற்று மீதியைக் கிழித்தது. கடன் மட்டும் முழுதாக நின்றது. சித்தியின் காப்பு இரண்டு அதற்குப் போனது.

கிழிந்த தாள் எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் வேலியில், கொஞ்சம் எரிப்பில். மீதி காற்றோடு வாவிப் பக்கம். 2012இல் ஸ்பெயினின் தென்கரையில் ஒதுங்கிய திமிங்கிலமொன்றின் வயிற்றில் பச்சை இல்லத் தாள் உட்பட சுமார் 17 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. எங்கள் வாவியில் இறாலுக்கும் நண்டுக்கும் வலை வீசுபவர்கள் இப்போதே பொலித்தீனை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய தாளைத் திருப்பி எடுக்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டமே.

இத்தனைக்குப் பிறகும் சித்தப்பா வளைவுகளைப் பிடுங்கவில்லை. ஒன்பதில் மூன்றின் மேல் மட்டும் சென்ற ஆண்டு நுண்வலையும் சிறு கூரையும் போட்டிருக்கிறார். கூரை நீர் இரண்டு பழைய தாங்கிகளுக்கு இறங்குகிறது. உள்ளே தக்காளி இல்லை, தட்டுகளில் தும்புச் சோறு இட்டு மிளகாய் நாற்று. படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிச் செல்கிறார்கள், ஏனென்றால் வலைக்குள் முளைத்த நாற்றில் இலைச்சுருள் குறைவு. மிச்ச ஆறு வளைவுகளில் சித்தி பாகற்கொடி ஏற்றியிருக்கிறார். அது நன்றாகக் காய்க்கிறது.