வான் எரிக் குடும்பத்துக்கு யார் சாபம் விட்டது?

தொண்ணூறுகளில் டபிள்யூ டபிள்யூ எஃப் பார்த்து வளர்ந்தவரா நீங்க? அப்போ "டெக்சாஸ் டொர்னேடோ" கெர்ரி வான் எரிக்கை ஞாபகம் இருக்கலாம்.

1990 சம்மர்ஸ்லாமில் மிஸ்டர் பெர்ஃபெக்டைத் தோற்கடித்து இன்டர்கான்டினென்டல் பட்டம் வென்றவர்.

அந்த மேட்ச் ஆடியபோது அவருக்கு வலது பாதம் கிடையாது. பூட்ஸுக்குள் இருந்தது செயற்கைப் பாதம். ரசிகர்களுக்கு அது தெரியாது.

ஏன் மறைக்கணும்? அதற்கு அப்பாவின் கதையிலிருந்து வரணும்.

அப்பா ஃபிரிட்ஸ் வான் எரிக். இயற்பெயர் ஜாக் அட்கிஸன். எதிராளியின் நெற்றியை ஐந்து விரலால் இறுக்கும் "அயர்ன் க்ளா" பிடியால் புகழ் பெற்றவர். பிறகு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சொந்தமாக ரெஸ்லிங் கம்பெனி நடத்தினார். மகன்கள்தான் அதன் ஹீரோக்கள்.

ஆறு மகன்கள். மூத்தவன் 1959ல், ஆறு வயதில் ஒரு விபத்தில் இறந்துவிட்டான். மற்ற ஐந்து பேரும் ரிங்குக்கு வந்தார்கள்.

1984 பிப்ரவரி. ஜப்பான் சென்ற டேவிட், டோக்கியோ ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 25. காரணம் தீவிர குடல் அழற்சி என்று அறிவிக்கப்பட்டது.

மூன்றே மாதத்தில் டேவிட் நினைவாக பிரம்மாண்ட ஷோ. முப்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். கெர்ரி உலகப் பட்டம் வென்றார். அழ வேண்டிய வீடு, டிக்கெட் விற்றுக் கொண்டிருந்தது.

அடுத்து மைக். 1985ல் தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பின் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் வந்தது. பாக்டீரியாவின் நச்சு ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலை. பிழைத்ததே பெரிது. எடை குறைந்தது. பேச்சு குழறியது.

ஆனா அடுத்த வருஷமே ரிங்கில் நிறுத்தப்பட்டார். 1987ல் 23 வயதில் உயிரை மாய்த்துக் கொண்டார்.

கெர்ரிக்கு 1986ல் பைக் விபத்து. பாதம் முழுசா ஆறும் முன்னாடியே மேட்ச். கடைசியில் பாதத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. வலி மாத்திரை தொடர்ந்தது, அடிமைத்தனம் வந்தது.

கடைக்குட்டி கிறிஸுக்கு ஆஸ்துமா. அதற்கான ஸ்டீராய்டு மருந்தால் எலும்புகள் பலவீனம். அவருக்கும் ஆசை ரெஸ்லிங்தான். 1991ல் 21 வயதில் கிறிஸ், 1993ல் 33 வயதில் கெர்ரி. இருவருமே தற்கொலை.

மிஞ்சியது கெவின் மட்டும்.

ஊரே இதை "சாபம்" என்றது. ஒரு மருத்துவனாக எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆறாத காயம், அழுது தீர்க்காத துக்கம், கவனிக்காத மன அழுத்தம், போதை. இது ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. அந்த வீட்டில் இல்லாதது அதற்கான நேரம்.

அப்பா எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் கெவின் சொல்கிறார். இருக்கலாம். ஆனா கம்பெனி அப்பாவுடையது, போஸ்டரில் குடும்பப் பெயர். எந்தப் பிள்ளை "என்னால முடியலப்பா" என்று சொல்லும்?

உங்க வீட்டிலும் ஒரு குட்டி வீரர் இருக்கலாம். அடிபட்டால் ஆறும்வரை உட்கார வையுங்க. விளையாட்டை விட்டாலும் நீ எங்க பிள்ளைதான் என்று இன்னைக்கே வாய்விட்டுச் சொல்லுங்க.

மனசு தாங்காத நேரத்தில் 104 அல்லது 14416க்கு அழையுங்கள். இலவசம்தான்.