வெளிச்சத்துக்குக் கொடுத்த விலை

கரண்ட் போன இரவில் மேசை மேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் நம் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. அதே முகத்தைக் கேமராவில் பிடிக்கப் போனால்தான் அந்த வெளிச்சம் எவ்வளவு குறைவு என்பது புரியும். படம் இருண்டு போகும், அல்லது கலங்கிப் போகும். கேமரா பிறந்த நாளிலிருந்தே அதற்கு இந்தக் குறை உண்டு. இதைத் தீர்க்கப் பிறந்தவைதான் 'ஃபாஸ்ட் லென்ஸ்' எனப்படும் வேக லென்ஸ்கள். ஆனால் அவை எதையும் இலவசமாகத் தரவில்லை. இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கம் எழுதினால் எதிர்ப்பக்கமும் எழுதியே ஆக வேண்டும் அல்லவா? அது போலத்தான் இதுவும். வெளிச்சம் வரவு என்றால் கூர்மை செலவு. அந்தச் செலவை ஒவ்வொரு காலத்திலும் யார் கட்டினார்கள் என்று பார்ப்பது சுவாரசியமான வரலாறு.

முதலில் கொஞ்சம் கணக்கு

பிரைம் லென்ஸ் என்பது ஜூம் செய்ய முடியாத லென்ஸ். அதன் குவியத் தூரம் மாறாது. 50 மி.மீ. என்றால் என்றைக்கும் 50 மி.மீ.தான். குவியத் தூரத்தை லென்ஸின் திறப்பின் (அபெர்ச்சர்) விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். இந்த எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிதாகும், உள்ளே வரும் வெளிச்சமும் கூடும். எஃப் 2.8-லிருந்து எஃப் 1.4-க்குப் போனால் வெளிச்சம் 4 மடங்கு. எஃப் 0.7-க்குப் போனால் 16 மடங்கு! குறைந்த வெளிச்சத்திலும் ஷட்டரை வேகமாக மூடிவிடலாம் என்பதால்தான் இவற்றுக்கு ஃபாஸ்ட் என்று பெயர்.

இனி எதிர்ப்பக்கம். லென்ஸ் எந்தத் தூரத்துக்கு ஃபோகஸ் செய்யப்பட்டிருக்கிறதோ, அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள பொருட்கள் மட்டுமே கூர்மையாக விழும். அந்தப் பட்டையின் பெயர் டெப்த் ஆஃப் ஃபீல்டு. திறப்பு பெரிதானால் இந்தப் பட்டை ஒடுங்கும். 35 மி.மீ. சினிமாப் படச்சுருளில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து, 3 மீட்டர் தூரத்தில் இருப்பவரைப் படம் பிடித்தால் சுமார் அரை மீட்டர் ஆழம் கூர்மையாக இருக்கும். அதையே எஃப் 0.7-இல் எடுத்தால் 12, 13 செ.மீ.தான். ஒன்றரை மீட்டருக்கு நெருங்கிவிட்டால் வெறும் 3 செ.மீ. கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது கரைந்துவிடும். அவர் ஒரு முறை பெருமூச்சு விட்டால் கண்ணும் போய்விடும்.

வியன்னா, 1840: விலையைக் கட்டியவர் எதிரில் உட்கார்ந்தவர்

1839-இல் டாகுவேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது அவரிடம் இருந்த லென்ஸ் மிக மெதுவானது. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். கட்டடத்தை எடுக்கலாம், மனிதரை எடுப்பது கஷ்டம். அடுத்த ஆண்டே வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் ஒரு புதிய லென்ஸை வடிவமைத்தார். கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்காமல், கணக்குப் போட்டே உருவாக்கிய லென்ஸ் அது. கணக்குப் போட ஆஸ்திரிய ராணுவத்தின் பீரங்கிப் படையிலிருந்து ஆட்கள் கொடுக்கப்பட்டார்கள். விளைவு, எஃப் 3.6. முந்தையதைப் போலச் சுமார் 16 மடங்கு வெளிச்சம். நிமிடங்கள் நொடிகளாகக் குறைந்தன. உருவப்படம் எடுப்பது ஒரு தொழிலானது.

இந்த லென்ஸைத் தயாரித்து விற்றவர் ஃபாய்க்ட்லெண்டர். பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது ஒரே தடவை கொடுத்த 2000 கில்டர் பணம் மட்டுமே. லென்ஸ் உலகமெல்லாம் விற்றது. இருவரும் பகையாளிகளாகப் பிரிந்தார்கள்.

பெட்ஸ்வால் லென்ஸில் நடுப்பகுதி மட்டுமே கூர்மை. ஓரங்கள் கரைந்து போகும். அந்த நடுப்பகுதியிலும் ஆழம் குறைவு. அப்போதைய ஸ்டூடியோக்களில் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி இருக்கும். படம் எடுக்க வந்தவரின் பின்னந்தலையை அது பிடித்துக்கொள்ளும். சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நோக்கம். ஆனால் தலை முன்னும் பின்னும் சாய்ந்து ஃபோகஸை விட்டு நழுவாமலும் அது பார்த்துக்கொண்டது. பழைய படங்களில் நம் கொள்ளுத் தாத்தா காலத்து மனிதர்கள் எல்லோரும் விறைப்பாக முறைப்பதற்கு இந்த இரும்பும் ஒரு காரணம். வெளிச்சத்துக்கான விலையை அன்று கட்டியவர் கேமராவுக்கு எதிரில் உட்கார்ந்தவர்.

ஜெர்மனி, 1928: விலையைக் கட்டியவர் படம் எடுத்தவர்

1920-களின் நடுவில் லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த எர்னோஸ்டார் லென்ஸோடு எர்மனாக்ஸ் என்ற சிறு கேமரா வந்தது. எஃப் 2, பிறகு எஃப் 1.8. கையில் அடங்கும் கேமராவில் இந்த அளவு வேகம் அதுவரை யாரும் பார்த்திராதது. சட்டம் படித்தவரான எரிக் சாலமன் இதை எடுத்துக்கொண்டு ஃபிளாஷ் இல்லாமல், ஃபிளாஷ் அனுமதிக்கப்படாத இடங்களுக்குள் நுழைந்தார். 1928-இல் கேமராவைத் தொப்பிக்குள் மறைத்து நீதிமன்ற விசாரணையையே படம் பிடித்தார். 1930-இல் ஹேக் நகரில் நடந்த மாநாட்டில், நள்ளிரவு தாண்டிய பின் சோபாக்களில் தூங்கி வழிந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது.

எர்மனாக்ஸில் இருந்தது கண்ணாடித் தகடு. ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு படம். கூர்மையான பட்டையோ சில மீட்டர் தூரத்தில் ஒரு சாண்கூடத் தேறாது. எதிரில் இருப்பவர்களோ அமைச்சர்கள். கழுத்துக்குப் பின்னால் இரும்பு வைக்க முடியாது, "கொஞ்சம் அசையாமல் இருங்கள்" என்று சொல்லவும் முடியாது. அப்படியானால் என்ன செய்வது? தூரத்தைக் கண்ணால் அளந்து, ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டு, பேசுகிறவர் தானாக ஒரு கணம் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். சாலமனின் படங்களில் மனிதர்கள் யோசிக்கிறார்கள், காது கொடுத்துக் கேட்கிறார்கள், கண் அயர்கிறார்கள். கைவீசிப் பேசுகிறவர்கள் குறைவு. லென்ஸின் பலவீனம் அவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பொறுமையிலிருந்துதான் இன்றைய பத்திரிகைப் புகைப்படக் கலை வளர்ந்தது. யூதரான சாலமன் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

இங்கிலாந்து, 1974: விலையைக் கட்டியவர் உதவியாளர்

இந்தக் கதையின் உச்சக்கட்டம் ஒரு சினிமாவில் வருகிறது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975-இல் வெளியான 'பேரி லிண்டன்'. தாக்கரேயின் நாவலைத் தழுவிய, 18-ஆம் நூற்றாண்டுக் கதை. அந்தக் காலத்து மாளிகைகளில் இரவு எப்படி இருந்திருக்குமோ அப்படியே திரையில் வர வேண்டும் என்பது குப்ரிக்கின் பிடிவாதம். அதுவரை சினிமாவில் மெழுகுவர்த்தி என்பது அலங்காரம்தான். உண்மையான வெளிச்சம் மறைத்து வைத்த மின்விளக்கிலிருந்து வரும். அந்த ஏமாற்று வேலை அவருக்கு வேண்டாம்.

அப்போது கையில் இருந்த ஈஸ்ட்மன் கலர் ஃபிலிமின் வேகம் 100 ஏஎஸ்ஏ. லேபில் கூடுதலாக டெவலப் செய்து அதை 200 ஆக்கினார்கள். அதுவும் போதவில்லை. மிச்சத்தை லென்ஸ்தான் தர வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக ஜெய்ஸ் நிறுவனத்தின் எர்ஹார்ட் கிளாட்சல் 1966-இல் வடிவமைத்த பிளானார் 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸ் பற்றி குப்ரிக்குக்குத் தெரியவந்தது. மொத்தம் 10 செய்யப்பட்டன, 6 நாசாவுக்குப் போயின, ஒன்றை ஜெய்ஸ் வைத்துக்கொண்டது, 3 குப்ரிக் வாங்கினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 50-ஐ 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள். திறப்பின் விட்டம் 71 மி.மீ.! குவியத் தூரத்தைவிட வாய் பெரிது.

லென்ஸ் கிடைத்தது, கேமராவில் பொருந்தவில்லை. அதன் கடைசிக் கண்ணாடி ஃபிலிமுக்குச் சில மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஷட்டர் சுழல்கிறது. சினிமா புராடக்ட்ஸ் நிறுவனத்தின் எட் டிஜூலியோ ஒரு மிட்செல் பிஎன்சி கேமராவை அறுத்துச் செதுக்கி இடம் உண்டாக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கேமராவில் வேறு லென்ஸ் எதுவும் பொருந்தாது என்று எச்சரித்தார். குப்ரிக் சம்மதித்தார்.

ஒரு மாளிகைக் காட்சியில் இரண்டு சரவிளக்குகள், ஒவ்வொன்றிலும் 70 மெழுகுவர்த்திகள். பழைய கட்டடத்தின் கூரை கருகிவிடாமல் இருக்க விளக்குகளுக்கு மேல் உலோகத் தகடுகள். அந்தத் தகடுகளே வெளிச்சத்தைக் கீழே திருப்பியும் அனுப்பின. (படம் முழுவதும் மின்விளக்கே இல்லாமல் எடுக்கப்பட்டது என்று சொல்வது தவறு. பகல் நேர உட்புறக் காட்சிகள் பலவற்றில் ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்குகள் எரிந்தன.)

இப்போதுதான் உண்மையான தலைவலி. ஃபோகஸ். மிட்செல் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே படம் பிடிக்க முடியாது. பக்கவாட்டில் பொருத்திய வ்யூஃபைண்டர் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் எது கூர்மை என்று காட்டாது. ஃபிலிமைக் கழுவிப் போட்டுப் பார்க்கும் வரை யாருக்கும் எதுவும் தெரியாது. நடிகர் ஐந்து விரற்கடை முன்னால் சாய்ந்தாலும் காட்சி வீண். இந்தப் பொறுப்பு ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டின் உதவியாளர், ஃபோகஸ் புல்லர் டக்ளஸ் மில்சம் தலையில் விழுந்தது.

அவர் செய்தது எளிமையானது, ஆனால் அபாரமானது. நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது ஒருவர் 5 செ.மீ. முன்னால் வந்தால் நமக்குத் தெரியாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதே அசைவு பளிச்சென்று தெரியும். எனவே சினிமா கேமராவுக்கு 90 டிகிரி கோணத்தில், நடிகர்களின் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா. அதன் படம் லென்ஸின் தூர அளவுக்கோலுக்கு மேலே வைத்த ஒரு டிவி திரையில். திரையின் மேல் கட்டம் போட்ட தாள். நடிகர்கள் இருக்கும் இடங்களை முன்னதாகவே டேப்பால் அளந்து, எந்தக் கோடு எத்தனை அடி என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு மில்சம் பார்க்க வேண்டியது நடிகரை அல்ல, திரையில் தலை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதை. அதைப் பார்த்தபடியே ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினார். ஆழத்தை அகலமாக மாற்றி அளந்துவிட்டார்!

இதனால் நடிகர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. கொஞ்சம்தான். சீட்டாட்ட மேசையில் பேரியும் லேடி லிண்டனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் காட்சியைக் கவனித்தால் தெரியும். யாரும் சட்டென்று அசைவதில்லை. பார்வைகள் மட்டும் நகர்கின்றன. அந்த நிதானம் அந்தக் காலத்து ஓவியங்களை நினைவூட்டுகிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அந்த நிதானத்தில் பாதி, சில செ.மீ. பட்டைக்குள் மனிதர்கள் இருக்க வேண்டியிருந்த நெருக்கடியால் வந்தது.

1976-இல் ஆல்காட்டுக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. தகுதியான பரிசு. ஃபோகஸ் புல்லருக்கு அப்படி ஒரு பிரிவு ஆஸ்கரில் கிடையாது. சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாத வேலை அது, தவறினால் மட்டுமே தெரியும். ஒரு ஆறுதல், குப்ரிக் மறக்கவில்லை. 1987-இல் வந்த அவரது 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்துக்கு ஒளிப்பதிவாளர் டக்ளஸ் மில்சம்தான்.

அதன் பிறகு: விலையைக் கட்டுவது இயந்திரம்

1989-இல் கேனன் 50 மி.மீ. எஃப் 1.0 லென்ஸை ஆட்டோஃபோகஸ் வசதியோடு வெளியிட்டது. டேப்பும் கட்டத் தாளும் செய்த வேலையை மோட்டார் செய்யத் தொடங்கியது. இன்றைய கேமராக்கள் எதிரில் இருப்பவரின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து, அவர் நடந்தாலும் விடாமல் பின்தொடர்கின்றன. சென்சார்களும் இருட்டில் நன்றாகப் பார்க்கின்றன. வெளிச்சத்துக்காக மட்டும் எஃப் 0.95 வாங்க வேண்டிய அவசியம் இன்று அநேகமாக இல்லை.

ஆனாலும் வாங்குகிறார்கள். எதற்காக? அந்த மங்கலுக்காக! பின்னணி கரைவதை ஜப்பானியர்கள் 'போக்கே' என்றார்கள். 1997-க்குப் பிறகு அந்தச் சொல் ஆங்கிலத்திலும் பரவியது. 2016-இல் ஐஃபோன் 7 பிளஸ் 'போர்ட்ரெயிட் மோடு' கொண்டுவந்தபோது லென்ஸே தேவையில்லாமல் போனது. மங்கலைக் கணினியே வரைந்து கொடுத்தது. பெட்ஸ்வாலும் சாலமனும் மில்சமும் எந்தச் செலவோடு மல்லுக்கட்டினார்களோ, அந்தச் செலவே இன்று வரவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழகு அழகுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பேரி லிண்டனின் மங்கல் யாரும் விரும்பி வைத்ததல்ல, மெழுகுவர்த்தியின் வெளிச்சத்துக்காகச் சகித்துக்கொண்டது. கூர்மையான அந்தச் சில செ.மீ. ஒவ்வொன்றும் ஒருவர் டேப் பிடித்து அளந்து சம்பாதித்தது. அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது மெழுகுவர்த்திகளைப் பார்த்த பிறகு லேடி லிண்டனின் கண்களையும் பாருங்கள். அவை கூர்மையாக இருக்கின்றன. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் அவரைப் பார்க்காமல், ஒரு சின்ன டிவி திரையின் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றதால்.