பண்ணையாள் முறையும் பண்ணை மாறும் உரிமையும்

காவிரிப் படுகையின் நெல் வயல்களில் ஒரே மிராசுதாரிடம் ஆண்டு முழுவதும் வேலை செய்த உழவுத் தொழிலாளர்கள் பண்ணையாட்கள் எனப்பட்டனர். இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வலுவாக இருந்தது. பண்ணையாட்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். உடல் ஓய்ந்து, மனம் வெறுத்துப்போனாலும் வேறு பண்ணைக்குப் போவது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

வேலை விடியும் முன் தொடங்கி இருட்டிய பின் முடியும். ஆண்கள் உழுதார்கள், வரப்பு வெட்டினார்கள், தண்ணீர் கட்டினார்கள். பெண்கள் நடவும் களையும் பார்த்தார்கள். பிள்ளைகள் மாடு மேய்த்தார்கள். ஆக, வேலைக்கு அமர்ந்தது ஒருவர் என்றாலும் உழைத்தது குடும்பம் முழுவதும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் குறுவையும் தாளடியுமாக இருபோகச் சாகுபடி பெருகியது. வேலையும் அதற்கேற்பக் கூடியது.

கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அதோடு அறுவடையின்போது களத்தில் அளக்கும் களவடி உண்டு. சிலருக்குச் சொந்தமாகப் பயிரிட்டுக்கொள்ளப் பட்டக்கால் என்ற சிறு நிலமும் கிடைத்தது. திருமணத்துக்கும் சாவுக்கும் மிராசுதாரிடம் வாங்கிய கடன் ஆளைப் பண்ணையோடு பிணைத்தது. எனினும் கடனைவிட இறுக்கமான கட்டு ஒன்று இருந்தது. அது குடிசை. பண்ணையாளின் குடிசை நின்ற மனை பெரும்பாலும் மிராசுதாருடையது. பண்ணையை விட்டால் மனையையும் விட வேண்டும். இன்று வேலையை விடுபவர் அடுத்த மாதச் சம்பளத்தை எண்ணிக் கவலைப்படுகிறார். அன்று பண்ணையாள் அன்றிரவு எங்கே படுப்பது என்று எண்ண வேண்டியிருந்தது.

அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 1843ஆம் ஆண்டுச் சட்டமே கூறிவிட்டது. ஆனால் 1859இல் வந்த வேறொரு சட்டம், முன்பணம் வாங்கியவர் வேலையைவிட்டுப் போனால் அவரைச் சிறைக்கு அனுப்ப இடம் தந்தது. இது தோட்டத் தொழிலிலேயே மிகுதியாகப் பயன்பட்டது. இங்கிலாந்தில் இத்தகைய தண்டனை 1875இல் கைவிடப்பட்டது. இந்தியச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தப்பிக்க விரும்பியவர்களுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் ஒரு வழி. அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அங்கும் கட்டுண்டே கிடந்தனர். 1907இல் மலாயாவில் ஏற்பட்ட குடியேற்ற நிதி முதலாளிகளிடம் தண்டிய பணத்தில் பயணச் செலவை ஏற்றது. 1910இல் ஒப்பந்த முறையும் முடிவுக்கு வந்தது. அதன்பின் ரப்பர் தோட்டத் தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றானது. தோட்ட வாழ்வு இனிமையானது என்று இதற்குப் பொருளில்லை. கங்காணியின் பிடி தொடர்ந்தது. ஆயினும் தன் ஊரில் இல்லாத ஓர் உரிமையைத் தஞ்சைத் தொழிலாளி கடல் கடந்துதான் பார்த்தார்.

ஊரிலேயே இருந்தவர்களை 1943 முதல் விவசாயிகள் சங்கம் திரட்டியது. கன்னடப் பகுதியிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் இதில் முன்னின்றார். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. கூலி பற்றிய மாயவரம் ஒப்பந்தம் 1948இல் ஏற்பட்டது. 1952இல் இராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காரணமின்றிப் பண்ணையாளை நீக்கக் கூடாது என்றது அச்சட்டம். விளைவு வேறாக அமைந்தது. நிலையான ஆளை வைத்தால்தானே சட்டம் பிடிக்கும் என்று பல மிராசுதார்கள் பண்ணையாட்களைக் குறைத்துத் தினக்கூலிக்கு மாறினர். தொழிலாளர்களிலும் பலர் தினக்கூலியையே விரும்பினர். இதைச் சட்டத்தின் தோல்வி என்று மட்டும் எழுதுவது சரியாகாது. நிலையான வேலை போனது உண்மை. நாளைக்கு யார் வயலுக்குப் போவது என்று தாமே முடிவு செய்யும் நிலை முதன்முறையாக வந்ததும் உண்மை.

அந்த விடுதலைக்கு விலையும் இருந்தது. கூலி உயர்வு கேட்டால் வெளியூர் ஆட்களை இறக்கும் வழக்கம் வலுத்தது. அப்பூசலின் உச்சத்தில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

மனைக்கட்டு அவிழ இன்னும் சில காலம் ஆயிற்று. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மனையைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கிய சட்டம் 1971இல் நிறைவேறியது. வேலையை விட்டாலும் வீடு தங்கும் என்ற நிலை அதன் பிறகே சட்டப்படி உறுதியானது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபோது, தஞ்சையில் பழைய பண்ணையாள் முறை பெரும்பாலும் மறைந்திருந்தது.