பதக்கம் உண்டு, பெயர் இல்லை

கொழும்புத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1875 டிசம்பர் 8ஆம் திகதியில் தொடங்குவர். வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டிய நாள் அது. தென்மேற்குச் சுவர் 1885இல் முடிந்தது. அதற்கு முன் கப்பல் திறந்த கடலில் நிற்கும். ஆளும் சாமானும் படகில் கரைசேர வேண்டும். பருவக்காற்றுக் காலத்தில் இடையிலே தண்ணீருக்குள் விழுந்தவனைத் தூக்கி எடுத்தவர் யார்? நான் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான்.

துறைமுகம் கட்டப்படாத காலத்து மதராஸ் கரையிலிருந்து ஓரளவு விடை கிடைக்கிறது. அங்கே ஓடிய மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும். ஆனாலும் கவிழும். ஆகவே கடல் குழம்பிய நாட்களில் விழுந்தவரைத் தூக்கவென்றே கட்டுமரங்கள் கூடப் போகும். இரண்டு மூன்று மரம், ஒரு துடுப்பு, அவ்வளவுதான். அலை அடித்துத் தள்ளினாலும் கட்டுமரக்காரர் நீந்தி வந்து ஏறிக்கொள்வார். சுறாப் பயம் வேறு. படகே போகாத நாளில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவரும் இவர்தான். பாயால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதம் நனையாமல் இருக்கும்.

ஆபத்தில் இருந்தவரைக் காப்பாற்றிய கட்டுமரக்காரருக்குப் பதக்கம் கொடுத்ததாக அக்கால ஆங்கிலக் குறிப்புகள் சொல்கின்றன. தொப்பியைக்கூட வருணித்தவர்கள் ஆளின் பெயரை எழுதவில்லை.

இவர்களை எம்மவர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை, பெரும்பாலும் பட்டினவர்கள். ஆனால் மன்னார்ச் சலாபத்தில் முத்துக்குளித்த கீழக்கரை முஸ்லிம்களின் கதையும் வேறல்ல. மூழ்கியவர் கயிற்றை அசைத்ததும் மேலே நிற்பவர் இழுத்து எடுப்பார். ஒரு கணம் அயர்ந்தால் உயிர் போச்சு. சிப்பிக்கு எண்ணிக்கை வைத்த அறிக்கைகளில் கயிறு பிடித்தவரின் பெயரை நான் கண்டதில்லை.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி என்ன? 1883 ஜனவரியில் அறபி பாஷா கொழும்பில் வந்திறங்கியதைப் பற்றி எங்கட ஆட்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். அவரைக் கரைசேர்த்த படகின் தண்டயல் யாரென்று கேட்டோமா?

கொட்டாஞ்சேனையிலும் புதுக்கடையிலும் கப்பல் வேலை செய்த மூத்தவர்களின் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அலுமாரியில் பழைய பதக்கமோ சான்றுக் கடதாசியோ கிடந்தால், விற்க முதல் ஒரு போட்டோ எடுத்துவைங்க. பதக்கத்தின் விளிம்பையும் சேர்த்து எடுங்க. பெயர் வெட்டியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.