அடகுக்குப் போன கடிகாரம்

ஹோவர்டு சட்டக் கல்லூரியில் படித்த தர்குட் மார்ஷல், அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினைக்கு எதிரான 1954 தீர்ப்பை வென்ற கதையை இந்த வாரம் சொல்வதாகச் சென்ற இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். வழியில் டஸ்கிகீ செங்கல் சூளையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

1881-ல் டஸ்கிகீயில் கறுப்பின ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கென்று அலபாமா மாநிலம் ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அது சம்பளத்துக்கு மட்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சல்லிக்காசு கிடையாது. பள்ளியை நடத்த வந்த புக்கர் வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர், வயது 25. ஒழுகுகிற கொட்டகையில் 30 மாணவர்கள். மழை வந்தால் ஒருவர் எழுந்துவந்து வாத்தியாருக்குக் குடை பிடிப்பார், பாடம் நிற்காது.

கடன் வாங்கிப் பழைய தோட்டமொன்றை 500 டாலருக்கு முடித்தார். கட்டடத்துக்குக் கல் வேண்டும். ஊரில் சூளையே இல்லை. நாமே அறுப்போம் என்றார். மாணவர்கள் முழங்காலளவு சேற்றில் இறங்கினார்கள். படிக்க வந்த இடத்திலுமா மண்வேலை என்று சிலர் மூட்டை கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவர்கள் பருத்திக் காட்டில் முதுகொடிந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்.

முதல் சூளையில் சுமார் 25,000 கல், சரியாக வேகவில்லை. இரண்டாவதும் வீண். மூன்றாவது நாள்கணக்கில் எரிந்தது. இன்னும் சில மணி நேரம்தான் என்றிருந்தபோது நடுராத்திரியில் சரிந்து விழுந்தது. கையில் ஒரு டாலர்கூட இல்லை. வாஷிங்டன் மாண்ட்கோமரிக்குப் போய்த் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நாலாவது சூளை கைகொடுத்தது. கெடு தாண்டிப்போன கடிகாரம் மட்டும் திரும்பவே இல்லை.

கல் நன்றாக இருக்கிறதென்று தெரிந்ததும் அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் வாங்க வந்தார்கள். பள்ளிமீது அனுதாபம் இல்லாதவர்களும்தான்! வாஷிங்டனின் அரசியலே இந்த வியாபாரத்தில் பிறந்தது என்பேன்: தொழில் தெரிந்தவனை ஊர் ஒதுக்காது. 1895-ல் அட்லாண்டா மேடையில் அதைத்தான் பேசினார். ஃபிஸ்க் கல்லூரியில் படித்த கறுப்பினச் சிந்தனையாளர் டுபோய்ஸ் 1903-ல் அவரைப் புத்தகத்திலேயே கிழித்தார்: ஓட்டுரிமையை விட்டுக்கொடுத்துச் செங்கல் அறுத்து என்ன பயன்? நான் டுபோய்ஸ் கட்சி. கல் வாங்கியவர்களின் மாநிலமே 1901-ல் புது அரசியல் சட்டம் எழுதிக் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்ததே. ஆனாலும் அந்தக் கடிகாரம் என்னை விடமாட்டேன் என்கிறது.

மாநிலங்களின் கஞ்சத்தனமும் பழைய கதையாகிவிடவில்லை. கறுப்பினத்தவருக்கான அரசு நிலக்கொடைக் கல்லூரிகளுக்கு, முப்பது ஆண்டுகளில் சேரவேண்டிய 1,200 கோடி டாலருக்கும் மேல் வந்துசேரவில்லை என்று 2023-ல் 16 மாநில ஆளுநர்களுக்கு அமெரிக்க மத்திய அரசே கடிதம் எழுதியது. டஸ்கிகீயில் வாஷிங்டன் குடியிருந்த 'ஓக்ஸ்' வீடு, மாணவர்கள் அறுத்த கல்லோடு இன்றும் நிற்கிறது.

பக்கம் தீர்ந்துவிட்டது. மார்ஷல் அடுத்த வாரம், கட்டாயம்.