மூன்று அங்குலப் படை: சித்திரக்குள்ளர் போர் மேசைக்கு வந்த கதை

வோர்ஹாமர் விளையாட்டில் சித்திரக்குள்ளர் படையைத் தெரிவு செய்கிறவர் முதலில் மனப்பாடமாக்க வேண்டிய எண் 3. ஒரு குள்ள வீரர் ஒரு தடவைக்கு மூன்று அங்குலம் நகரலாம். மனிதர் நான்கு, எல்ஃப் ஐந்து. விரைநடை போட்டால் இது இரண்டு மடங்காகும். வழமையான ஆட்டமொன்றில் இரண்டு படைகளுக்கும் நடுவில 24 அங்குல வெளி கிடக்கும், ஆட்டம் ஆறு சுற்றில் முடிஞ்சிடும். எதிரி அசையாமல் நின்றாரெண்டால் குள்ளர் அவரைத் தொட நாலு சுற்று நடக்கவேணும். ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நடையிலேயே போய்விடும். குதிரைப்படை கிடையாது. மந்திரவாதி கிடையாது. அப்ப ஏன் ஒருவர் இந்தப் படையை எடுக்கிறார்?

இந்தக் கேள்வியோடதான் நாங்கள் தொடங்கினோம். கடையில் விற்கிற பிளாஸ்டிக், உலோக உருவங்களின் விலை எங்கட பொக்கெட்டுக்குச் சரிவராது. பழைய பதிப்பு ஒன்றின் விதிகளை எடுத்து, 20 மில்லிமீற்றர் சதுரமாக காட்போட் வெட்டி, ஒவ்வொன்றிலும் பேனையால் தாடி கீறிக்கொண்டு விளையாடினோம். வரலாறு படிக்கிற பிள்ளைகள் மேசையைச் சுற்றி இருந்தால் என்ன நடக்கும்? ஆட்டத்தை விட, இந்த விதி எங்கேயிருந்து வந்தது, இந்தக் குள்ளருக்கு ஏன் இந்தக் குணம் எண்ட கதைதான் கூடுதலாகப் போனது. அந்தக் கதையின் சுருக்கம்தான் இது.

மேசையிலிருந்தே தொடங்குவோம். அதன் மூதாதை எங்களுக்குத் தெரிந்ததுதான்: சதுரங்கம். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாலு அங்கம். அது பாரசீகம், அரபுலகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், 1780இல் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியரின் கையில் வேறு உருவம் எடுத்தது. அவர் கட்டங்களைப் பெருக்கி, மலை, ஆறு, சதுப்பு என்று நிலத்தைச் சேர்த்தார். 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர் மேசையையே செய்து கொடுத்தார். அவருடைய மகன், பீரங்கிப் படை அதிகாரி, 1824இல் கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு 1:8000 அளவு வரைபடம், தாயக்கட்டை, நடுவர் என்று விதிகளை எழுதினார். பிரஷ்ய இராணுவத் தலைமை அதை வரவேற்றது, படைப்பிரிவுகளுக்குப் பரப்பியது. ஆனால் மகன் ரைஸ்விட்ஸ் 1827இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். 1870-71இல் பிரஷ்யா பிரான்ஸை வென்ற பிறகுதான் மற்ற நாடுகளின் இராணுவங்களும் இந்த 'விளையாட்டை' ஓடி ஓடிப் படித்தன.

ஆக, டைஸ் உருட்டி ஆள் செத்தாரா தப்பினாரா என்று பார்க்கிற பழக்கம் பொழுதுபோக்காக வந்ததல்ல. அதிகாரிகளைப் பயிற்றுவிக்க வந்தது. அதைத் தரையில் விரித்து வீட்டு விளையாட்டாக மாற்றியவர்களில் முக்கியமானவர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வந்த அவருடைய 'லிட்டில் வோர்ஸ்' என்ற புத்தகத்தில் மரக் குச்சியைச் சுடுகிற பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களை விழுத்துவதுதான் ஆட்டம். நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்று இந்த ஆட்டத்தை நாலு தரம் ஆடிப் பார்த்தாலே விளங்கும் என்கிற தொனியில் அவர் புத்தகத்தை முடிக்கிறார். அடுத்த வருடம் முதலாம் உலகப்போர் தொடங்கியது.

இந்த மேசையில் குள்ளர் ஏற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1971இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற மத்திய காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் டிராகன், எல்ஃப், ஓர்க், குள்ளர் எல்லாரும் வந்தார்கள். குள்ளருக்கு அங்கே இரண்டு சலுகை: இருட்டிலும் பகல் போலவே சண்டை பிடிப்பார்கள், சிறிய உருவம் என்பதால் பெரிய அரக்கர்களின் அடி பாதி விலகிப் போகும். 1983இல் இங்கிலாந்தில் பிறையன் அன்செல், றிச்சர்ட் ஹலிவெல், றிக் பிரீஸ்ட்லி மூவரும் வோர்ஹாமரை உருவாக்கினார்கள். அதை வெளியிட்ட சிற்றடெல் நிறுவனம் சின்ன உருவங்களை வார்த்து விற்றுக்கொண்டிருந்த இடம். உருவங்கள் நிறைய விற்கவேணுமெண்டால் பெரிய படைகள் மோதவேணும். இந்த விளையாட்டு ஏன் ஒருவரை நூறு உருவம் வாங்க வைக்கிறது என்று யோசிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, குள்ளர் யார்? பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐஸ்லாந்துச் சுவடியில் பாதுகாக்கப்பட்ட பழைய நோர்ஸ் கவிதையொன்றில் குள்ளர்களின் நீண்ட பெயர்ப் பட்டியல் இருக்கிறது. டூரின், தோரின், ஃபிலி, கிலி எல்லாம் அதில் வருகிற பெயர்கள். 'ஹொபிட்' படம் பார்த்த எவரும் இப்ப நிமிர்ந்து இருப்பீர்கள். டோல்கீன் பெயர்களை அப்படியே அங்கேயிருந்துதான் எடுத்தார். மந்திரவாதி காண்டால்ஃபின் பெயரும் அதே பட்டியலில் உள்ள ஒரு குள்ளரின் பெயர்தான். அந்தப் பழங்கதைகளில் குள்ளர் கம்மியர். இடிக் கடவுள் தோரின் சம்மட்டி அவர்கள் செய்தது. சுவாரசியம் என்னவென்றால், அந்தக் கவிதைகளில் உயரக் குறைவு அவர்களுடைய முக்கிய அடையாளமே இல்லை. நிலத்துக்குக் கீழ் வாழ்வதும் கைவேலையும்தான் அடையாளம். ஜேர்மன் சுரங்கத் தொழிலாளர் மத்தியில் இந்த நம்பிக்கை வேறு விதமாக வளர்ந்தது. வெள்ளி இருக்குமெண்டு தோண்டிய இடத்தில் நச்சுப் புகை விடுகிற கல் வந்தால், அது கோபோல்ட் என்ற சுரங்கப் பூதத்தின் வேலை என்றார்கள். இன்றைக்கு உங்கட ஃபோன் பற்றரியில் இருக்கிற கோபால்ட்டுக்கு அந்தப் பூதத்தின் பெயர்தான்.

1937ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இரண்டு வகைக் குள்ளர் ஒன்றாக வந்தார்கள். செப்ரெம்பரில் டோல்கீனின் 'ஹொபிட்' நாவல். டிசெம்பரில் வோல்ட் டிஸ்னியின் ஏழு சித்திரக்குள்ளர். டிஸ்னி குள்ளரைச் சிரிப்பாக்கினார். டோல்கீன் அவர்களுக்கு வரலாறு கொடுத்தார்: நாடிழந்தவர்கள், போகிற இடமெல்லாம் கொல்லுவேலை செய்து பிழைப்பவர்கள், இழந்த மலையை மறக்காதவர்கள், பொன்மேல் ஆசை கொண்டவர்கள்.

இந்த வர்ணனை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? டோல்கீனே 1955இல் நயோமி மிச்சிசனுக்கு எழுதிய கடிதமொன்றில் ஒத்துக்கொள்கிறார், தன் குள்ளர்களை யூதர்கள் போல நினைப்பதாக. இருக்கிற நாட்டின் மொழியைப் பேசுவார்கள், ஆனால் வீட்டுக்குள் வைத்திருக்கிற சொந்த மொழியின் வாடை உச்சரிப்பில் இருக்கும், எங்கேயும் ஊராராகவும் அந்நியராகவும் ஒரே நேரத்தில் இருப்பார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். குள்ளரின் மொழியையும் அவர் செமித்திய மொழிகளின் சாயலில்தான் கட்டினார்.

இங்கே நாங்கள் இரண்டு விதமாகப் பிரிந்து நின்று வாதாடினோம். ஒரு பக்கம்: பொன்னாசை பிடித்த, தாடி வைத்த, நிலக்கீழ் மக்கள் என்பது ஐரோப்பிய யூத வெறுப்பின் பழைய அச்சு, அதை ஒரு பேராசிரியர் அழகுபடுத்தித் தந்தார். மறுபக்கம்: அதே டோல்கீனிடம் 1938இல் ஜேர்மன் பதிப்பகமொன்று நீங்கள் ஆரியரா என்று கேட்டபோது, அவர் கொதித்துப்போய், அந்தத் திறமைமிக்க மக்களில் தனக்கு மூதாதையர் இல்லையே என்று வருந்துவதாகப் பதில் வரைவொன்று எழுதினார். எங்கட முடிவு, இரண்டும் உண்மை என்பதுதான். இனவெறியரை முகத்துக்கு நேரே மறுத்த மனிதரே, தன் காலத்துக் காற்றில் இருந்த வார்ப்பை எடுத்துப் பாவித்திருக்கிறார். 'ஹொபிட்'டில் பொன்னாசை தூக்கலாக நின்ற குள்ளர், 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' வரும்போது கிம்லியாகி, பொன்னைவிட ஒரு தலைமயிரைப் பெரிதாக மதிக்கிற ஆளாக மாறுவதையும் கவனிக்க வேணும். எழுத்தாளர் தன் வார்ப்பையே திருத்திக்கொண்டு போனார் என்று எங்களில் சிலர் வாசிக்கிறோம்.

வோர்ஹாமர் இந்தக் குள்ளரை எடுத்து இரண்டு மாற்றம் செய்தது. ஒன்று, பிரித்தானியத் தொழிலாளர் வாடை. பீரங்கி, நீராவி, பியர், சுரங்கம். இந்த விளையாட்டு வளர்ந்த நொட்டிங்ஹாம் பகுதி நிலக்கரிச் சுரங்க நிலம். வோர்ஹாமர் வந்த அடுத்த வருடம், 1984-85இல், பிரித்தானியாவின் பெரிய சுரங்க வேலைநிறுத்தம் நடந்தது, அதற்குப் பிறகு சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுரங்கங்களை இழந்துகொண்டே போகிற ஒரு பழைய மக்களின் கதையை அந்த மண்ணிலிருந்து வாசிக்கும்போது எங்களுக்கு அது வெறும் கற்பனையாகத் தெரியவில்லை.

இரண்டாவது மாற்றம், வன்மப் புத்தகம். குள்ளருக்கு இழைக்கப்பட்ட ஒவ்வொரு அநியாயமும் பெயர், இடம் சகிதம் அந்த ஏட்டில் எழுதப்படும். பழி தீர்ந்தால்தான் அந்த வரி வெட்டப்படும். விளையாட்டில் இது விதியாகவே வருகிறது: ஓர்க்குகளோடு மோதுகிற முதல் சுற்றில் குள்ளர் தவறவிட்ட அடிகளைத் திரும்ப உருட்டலாம். 2016இல் வந்த 'டோட்டல் வோர்: வோர்ஹாமர்' கணினி விளையாட்டில் தீராத வன்மங்கள் கூடிக்கொண்டே போனால் சொந்த மக்களே கலகம் செய்யத் தொடங்குவார்கள்.

இதைப் பலர் பகிடியாகத்தான் பார்க்கிறார்கள். சின்ன விசயத்துக்கும் முறைக்கிற கிழட்டுக் குள்ளன் எண்டு. ஆனால் குள்ளருக்கும் எல்ஃபுக்கும் நடந்த பெரும்போரின் கதையைப் பாருங்கள். குள்ள வணிகர் தாக்கப்படுகிறார்கள். தாக்கியவர்கள் எல்ஃப் வேடம் போட்ட அவர்களுடைய பகைவரான இருண்ட எல்ஃப்கள். குள்ளர் தூது அனுப்பி நியாயம் கேட்கிறார்கள். எல்ஃப் அரசன் விசாரிக்கவில்லை. தூதனின் தாடியை மழித்துத் திருப்பி அனுப்புகிறான். நூற்றாண்டுகள் நீண்ட போர் வெடிக்கிறது. முதல் குற்றம் அவனுடையதல்ல, ஆனால் கேட்க வந்தவனை அவமானப்படுத்தியது அவன்தான். ஏட்டில் எழுதுகிறவரைப் பார்த்துப் பழசைக் கிளறாதேங்கோ என்று சொல்லுற குரல் எங்களுக்கும் பழக்கமான குரல்தான். அதே நேரம், வேடம் போட்டவன் யாரென்று ஏட்டில் எழுதினவருக்கும் தெரியாது. அந்தப் பிழையான வரிக்காகவும் ஆட்கள் செத்தார்கள். எந்தப் பக்கம் நிற்கிறது என்று எங்கட மேசையில் இன்னும் ஒரு முடிவில்லை.

வோர்ஹாமர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வன்மம் நாங்களும் எழுதுவோம். 1994இல் தனிப் புத்தகம் பெற்ற 'கேயோஸ் குள்ளர்' படையைப் பாருங்கள். நல்ல குள்ளருக்கு நோர்ஸ் உடுப்பு. கெட்ட குள்ளருக்கு உயரத் தொப்பி, சுருள் தாடி, எருதுக் கடவுள், படிக்கோபுர நகரம், அடிமைகள்: அப்படியே அசீரியா, பாபிலோன். அவர்களுக்குக் கீழே ஓநாய் ஏறுகிற ஹொப்கொப்ளின்களுக்கு மொங்கோலியச் சாயலும் கான் என்ற பட்டமும். வடக்கு நல்லது, கிழக்கு கொடூரம். உருவங்கள் வடிவாகத்தான் இருக்கு, மறுக்கேலாது.

இனி விளையாட்டு. குள்ளரின் பலம் கால்களில் இல்லை, நிற்பதில். பக்கத்து அணி சிதறி ஓடினால் உங்கட அணி பீதிச் சோதனை எடுக்கவேணும்: இரண்டு டைஸ் உருட்டி, தலைமை எண்ணுக்குள் விழவேணும். சாதாரண மனிதப் படைக்கு அந்த எண் 7. குள்ளருக்கு 9. கணக்குப் போட்டால் மனிதர் தப்புவது 36க்கு 21 தரம், குள்ளர் 36க்கு 30 தரம். எதிரி எட்டு அங்குலத்துக்குள் வந்துவிட்டால் மற்றப் படைகள் விரைநடை போட முடியாது, குள்ளருக்கு அந்தத் தடையும் இல்லை. அதனால் நல்ல ஆட்டக்காரர் மேசையின் ஒரு மூலையையோ குன்றையோ பிடித்து, பீரங்கிகளைப் பின்னே வைத்து, எதிரியை வரவைப்பார். சுரங்கக்காரர் அணியைக் கையில் வைத்திருந்து, பின்னர் மேசை ஓரத்தால் எழுப்புவார். அந்த ஒன்றுதான் எதிரி நிம்மதியாக முன்னே வருவதைக் கெடுக்கும்.

எங்களுக்குப் பிடித்தது மந்திரக் கல்வெட்டு விதி. ஆயுதமொன்றில் மூன்று எழுத்து வரை பொறிக்கலாம். ஆனால் ஒரே படையில் ஒரே சேர்க்கை இரண்டு ஆயுதத்தில் வரக்கூடாது. காரணம், கம்மியரின் கர்வம்: ஒருமுறை செய்ததைத் திரும்பச் செய்யமாட்டார்கள். 2010க்கு முந்திய பதிப்புகளில் பீரங்கி சுடுவதற்கு முன் தூரத்தை அளக்க முடியாது, கண்ணால் மட்டிட்டு இத்தனை அங்குலம் என்று சொல்லவேணும். நாங்கள் வேண்டுமென்றே அந்தப் பழைய விதியையே வைத்திருக்கிறோம். அடிமட்டம் இல்லாமல் 31 அங்குலத்தைக் கண் பிடிக்கத் தொடங்கும்போது வருகிற சந்தோசம் தனி.

2015இல் நிறுவனம் அந்த உலகத்தையே அழித்து, வேறு உலகம் கட்டியது. அதற்கு முன்னரே விண்வெளிக் குள்ளரான 'ஸ்குவாட்'களை 1990களில் கைவிட்டு, பூச்சி அரக்கர் தின்றுவிட்டதாகக் கதை எழுதியிருந்தது. 2022இல் அவர்களை வேறு பெயரில் திரும்பக் கொண்டு வந்தது. பழைய உலகமும் 2024 ஜனவரியில் 'த ஓல்ட் வேர்ல்ட்' என்று திரும்பி வந்தது. கதையின் காலத்தை இருநூறு வருடத்துக்கு மேல் பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்திலும் குள்ளரின் எட்டுச் சிகரக் கோட்டை ஏற்கெனவே பறிபோய்த்தான் இருக்கிறது.