முதுசமும் பென்சனும்: பழுகாமத்திலிருந்து ஒரு பார்வை

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வோர் பழுகாமத்தைத் திரௌபதை அம்மன் ஆலயத்தைக் கொண்டே அறிவர். வயலும் வாவியும் சூழ்ந்த அவ்வூரை வைத்து இளைப்பாற்றுச் சம்பளத்தின் வரலாற்றைப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், கணவன் இறந்தபின் மனைவிக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு மட்டக்களப்புத் தமிழகம் முன்னர் அளித்த விடையை அறியாமல் அச்சம்பளத்தின் பெறுமதி விளங்காது.

இது தாய்வழிக் குடி மரபு வேரூன்றிய பிரதேசம். முக்குவச் சட்டம் என வழங்கிய வழமையின்படி, ஆணின் முதுசச் சொத்து அவனது மனைவி மக்களுக்கன்றி அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்கே சென்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ இவ்வழமையைத் தொகுத்து நூலாக்கிய அதே 1876ஆம் ஆண்டில், 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. முதுசம் மருமக்களுக்குச் செல்லும் வழி அடைபட்டது. பழைய முறை மனைவியை நடுத்தெருவில் விட்டது என்று எண்ணிவிடலாகாது. வீடு சீதனமாக அவள் பெயரிலேயே இருந்தது. கணவன்தான் அங்கு வந்து குடியேறியவன். அவன் இறந்தால் அவள் இழந்தது கூரையையன்று, வருமானத்தை.

அந்த வெற்றிடத்தைத்தான் 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியச் சட்டம் நிரப்பியது. அரச உத்தியோகத்தனின் உழைப்பில் விளைந்த இப்புதிய செல்வத்தில் மருமகனுக்குப் பங்கில்லை. அது நேரே மனைவிக்குச் செல்வது. பெண் உத்தியோகத்தர் இறந்தால் கணவனுக்கும் அவ்வுரிமை கிடைக்க 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'தபுதாரர்' என்ற சொல் நமது கந்தோர்ப் படிவங்களில் பழக்கமானது அதன் பின்னரே என்பது என் எண்ணம்.

குடியும் ஊரும் அறிந்த தாம்பத்தியம் பென்சன் கந்தோருக்குப் போதாது. அது கேட்பது விவாகச் சான்றிதழை. இலங்கையின் பொதுச் சட்டப்படி, பதியப்படாத வழமைத் திருமணம் அக்காரணத்தால் மட்டும் செல்லாததாகிவிடாது. நீண்டகால இல்வாழ்வையும் ஊரறிந்த நற்பெயரையும் நீதிமன்றங்கள் சான்றாக ஏற்றுள்ளன. ஆனால், எழுபது வயதுக் கிழவி வழக்காடியா பென்சன் பெறுவாள்? நடமாடும் சேவைகளில் பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, வெட்கச் சிரிப்போடு ஒப்பமிட்ட முதிய தம்பதியரை நிருபராகப் பலமுறை கண்டிருக்கிறேன். அச்சான்றிதழ் பதிவு நடந்த நாளையே காட்டும். கோயிலில் தாலி கட்டிய நாளையன்று.

திகதி எவ்வளவு பெரிய வில்லங்கம் என்பதை இந்தியாவின் பகவந்தி வழக்கு காட்டிற்று. இளைப்பாறிய பின் மணந்த மனைவி 'குடும்பம்' என்பதில் அடங்காள் என்று அங்குள்ள விதி அவளுக்குக் குடும்ப ஓய்வூதியத்தை மறுத்தது. 1989இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்விலக்கைச் சமத்துவத்துக்கு முரணானதென ஒதுக்கியது.

1978 நவம்பர்ச் சூறாவளியிலும் 2007 இடப்பெயர்விலும் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பதியாதே வாழ்ந்தவர்களுக்குக் கேட்பதற்குப் பிரதியே இல்லை.